கடல் கடந்த கடிதங்களும் கைபேசிச் செய்திகளும்

1893-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மெட்காஃப் என்னும் சிற்றூரில் ஒரு பண்ணை வீட்டில் விருந்தினராகத் தங்கியிருந்தார் சுவாமி விவேகானந்தர். சிகாகோ சர்வசமயப் பேரவை தொடங்க இன்னும் மூன்று வாரங்கள் இருந்தன. கையிலிருந்த பணம் வேகமாகக் கரைந்து கொண்டிருந்தது. அந்நாட்டுக் குளிருக்கேற்ற உடை அவரிடம் இல்லை. தெருவில் நடந்தால் அவரது காவி உடையைக் கண்டு கேலி செய்தார்கள். அன்று சென்னையிலிருந்த அளசிங்கப் பெருமாளுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தில் இவை அனைத்தும் ஒளிவு மறைவின்றி இடம்பெற்றன. அதே கடிதத்தில்தான் பாரத நாட்டின் ஏழை எளியவர்களுக்காகத் தம் நெஞ்சம் படும் வேதனையையும், அவர்களுக்காக இளைஞர்கள் ஆற்ற வேண்டிய பணியையும் அவர் எழுதினார்.

எழுதியவருக்கு அப்போது வயது 30. கடிதத்தைப் பெற்றவருக்கு 28. அளசிங்கர் ஒரு பள்ளி ஆசிரியர், குடும்பஸ்தர், குறைந்த வருவாயில் பெரிய குடும்பத்தைத் தாங்கியவர். சுவாமிஜியை அமெரிக்காவுக்கு அனுப்ப வீடு வீடாகச் சென்று பணம் திரட்டியவர் அவரே. இருவருக்கும் இடையே இரண்டு பெருங்கடல்கள். ஒரு கடிதம் போய்ச் சேர ஒரு மாதத்திற்கும் மேல் ஆகும். ஆயினும் 1893 முதல் 1897 தொடக்கம் வரை, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், சென்னை இளைஞர் குழு ஒன்றைச் சுவாமிஜி கடிதங்களாலேயே உருவாக்கினார்.

இந்தச் செய்தியை இன்று நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டபோது, நாடெங்கும் ஆன்மீக நிறுவனங்கள் தங்கள் பாலர் வகுப்புகளையும் இளைஞர் வட்டங்களையும் கைபேசித் திரைக்கு மாற்றிக் கொண்டன. தொற்று தணிந்தது, ஆனால் அந்தப் பழக்கம் போகவில்லை. வகுப்பு முடிந்த பின்னும் ஒரு மாணவன் தனியாகச் செய்தி அனுப்புகிறான். ஒரு மாணவி தன் குழப்பத்தை எழுதுகிறாள். தொண்டர் பதில் எழுதுகிறார். இவ்வாறு, யாரும் திட்டமிடாமலே, நம்மில் பலர் முகம் காணாத இளைஞர்களுக்கு வழிகாட்டிகளாகி விட்டோம். இந்தப் பணியை எப்படிச் செய்வது என்று நமக்கு யாரும் கற்பிக்கவில்லை. நான் கற்றதில் ஒரு பகுதி சுவாமிஜியின் கடிதங்களிலிருந்தும், மறுபகுதி என் தவறிலிருந்தும் வந்தது.

அவர்கள் கேட்பது என்ன?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தினமும் காலையில் சூரியோதயப் படத்தின் மேல் ஒரு பொன்மொழியைப் பதித்து அனுப்புவது வழிகாட்டல் ஆகாது. அவ்வாறு சுற்றிவரும் வாசகங்களில் பல, சுவாமிஜி சொன்னவையே அல்ல என்பது வேறு விஷயம். அனுப்புபவருக்கு ஒரு கடமையை முடித்த திருப்தி கிடைக்கிறது. பெறுபவர் அதைப் பார்க்காமலே நீக்கி விடுகிறார்.

இளைஞர்கள் நம்மிடம் வேதாந்தத்தைக் கேட்டு வருவது அரிது. தேர்வில் மதிப்பெண் குறைந்ததைக் கேட்கிறார்கள். தந்தை வாங்கிய கல்விக் கடனைப் பற்றிக் கேட்கிறார்கள். கைபேசியைக் கீழே வைக்க முடியவில்லையே என்று அந்தக் கைபேசியிலேயே எழுதிக் கேட்கிறார்கள். தோழியோ தோழனோ பேசாமல் போனதைப் பற்றிக் கேட்கிறார்கள். சில சமயம் கேள்வியே இருக்காது. "தூக்கம் வரவில்லை" என்று ஒரு வரி மட்டும் வரும்.

பகவத் கீதையின் முதல் அத்தியாயம் முழுவதும் அர்ஜுனனின் புலம்பலே நிறைந்திருக்கிறது. கண்ணன் அங்கே உபதேசம் எதுவும் செய்யவில்லை. கைகள் நடுங்குகின்றன, வாய் உலர்கிறது என்று அர்ஜுனன் தன் உடலின் நிலையைச் சொல்கிறான். போரினால் குலம் அழியும் என்று வாதிடுகிறான். வில்லைக் கீழே வைத்துவிட்டு அமர்ந்து விடுகிறான். அவ்வளவையும் கேட்ட பிறகே தேரோட்டி பேசுகிறார். அதுவும், "எனக்குச் சொல்" என்று அர்ஜுனன் வேண்டிய பிறகே உபதேசம் விரிவாகத் தொடங்குகிறது. பதினெட்டு அத்தியாயங்களின் முடிவில், நன்கு ஆராய்ந்து உன் விருப்பப்படி செய் என்று தீர்மானத்தை அவனிடமே விட்டு விடுகிறார். நாமோ முதல் செய்தி வந்த மூன்றாவது நிமிடத்தில் நான்கு அறிவுரைகளை அனுப்பி விடுகிறோம்.

எழுத்துச் செய்தியில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. அதில் முகம் இல்லை, குரல் இல்லை. "சரி" என்று ஒரு மாணவன் எழுதினால் அது உடன்பாடாகவும் இருக்கலாம், சலிப்பாகவும் இருக்கலாம், பேச்சை முடித்துக்கொள்ளும் வழியாகவும் இருக்கலாம், அழுகையை மறைக்கும் திரையாகவும் இருக்கலாம். எதிரே அமர்ந்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். இதை நான் அறியாமல் இருந்தேன்.

என் தவறு

2022 மே மாதம் எங்கள் இளைஞர் வட்டத்தில் ஒரு மாணவன் சேர்ந்தான். மத்திய இந்தியாவில் ஒரு தொழிற்சாலை நகரில் வளர்ந்த தமிழ்ப் பையன், வயது பதினேழு. பொறியியல் நுழைவுத் தேர்வுக்குப் படிப்பதற்காக ராஜஸ்தானின் கோட்டா நகருக்கு அவனை அனுப்பியிருந்தார்கள். அந்த நகரைப் பற்றி வாசகர்கள் அறிந்திருக்கலாம். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பொறியியல், மருத்துவ நுழைவுத் தேர்வுகளுக்காக மாணவர்கள் அங்கே சென்று விடுதிகளில் தங்குகிறார்கள். மாணவர் தற்கொலைகள் தொடர்ந்ததால், 2023 ஆகஸ்டில் விடுதி அறைகளின் மின்விசிறிகளில் விசைச்சுருள் பொருத்த வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டது. ஒரு மின்விசிறியைப் பற்றி இப்படி ஓர் உத்தரவு தேவைப்படுகிறது என்றால், அதன் கீழே அமர்ந்து படிக்கும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பையன் முதலில் என்னைச் "சார்" என்று அழைத்தான். பிறகு "அண்ணா" என்றான். ஒவ்வோர் இரவும் பத்து மணிக்குப் பேசுவோம். தியானம், படிப்புத் திட்டம், அன்று நடந்த வாராந்திரத் தேர்வு என்று பேச்சு நீளும். ஓரிரு மாதங்களில் அவன் எல்லாவற்றையும் என்னிடம் கேட்கத் தொடங்கினான். எந்தப் பாடத்தை முதலில் படிப்பது, அறைத் தோழனிடம் கோபித்துக் கொண்டது சரியா, அப்பாவை இன்று அழைக்கலாமா என்பது வரை கேட்டான். நான் அனைத்திற்கும் பதில் சொன்னேன். உண்மையைச் சொன்னால், அதில் எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது. ஒரு பிள்ளை நம்மை இவ்வளவு நம்புகிறானே என்று வீட்டில் கூடச் சொல்லிக் கொண்டேன். அதைச் சேவை என்று நினைத்திருந்தேன். அதற்குள் அகங்காரம் எவ்வளவு கலந்திருந்தது என்று அப்போது தெரியவில்லை.

ஜூலையில் தேர்வுகளில் அவன் தொடர்ந்து பின்தங்கினான். "அப்பாவிடம் மட்டும் சொல்லி விடாதீர்கள் அண்ணா" என்றான். நான் வாக்குக் கொடுத்தேன்.

அக்டோபரில் உத்தரகாசியில் பத்து நாள் சாதனை முகாம் ஒன்றுக்குச் சென்றேன். அங்கே கைபேசியை ஒப்படைத்துவிட வேண்டும். புறப்படும் முன் வட்டத்தினர் அனைவருக்கும் வகுப்பு இல்லை என்று ஒரு பொதுச் செய்தி அனுப்பினேன். அவனுக்கெனத் தனியாக எதுவும் சொல்லவில்லை. என் இடத்தில் வேறு யாரையும் வைக்கவில்லை.

திரும்பி வந்து கைபேசியைத் திறந்தபோது அவனிடமிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட செய்திகள் இருந்தன. முதல் நாட்களில் கேள்விகள். பிறகு "இருக்கிறீர்களா?" என்ற ஒரே சொல், திரும்பத் திரும்ப. ஆறாம் நாளுக்குப் பிறகு எதுவும் இல்லை.

அவனைக் காப்பாற்றியவர் அந்த விடுதியின் சமையற்காரர். இரண்டு நாட்களாக அந்தப் பையன் சாப்பிட வரவில்லை என்பதை அவர் கவனித்திருக்கிறார். மூன்றாம் நாள் காலை, ஒரு தட்டில் ரொட்டியும் பருப்பும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். திறக்கும் வரை தட்டியிருக்கிறார். உள்ளே சென்று, அவன் உண்ணும் வரை அருகில் அமர்ந்திருந்து, பிறகு விடுதிக் காப்பாளரிடம் சொல்லித் தந்தையின் எண்ணை வாங்கி அழைத்திருக்கிறார். தந்தை அடுத்த ரயிலில் புறப்பட்டு வந்தார். மகன் மூன்று மாதங்களாகத் துன்பப்பட்டுக் கொண்டிருந்தான் என்பதே அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அது எனக்கு ஜூலையிலேயே தெரியும்.

அந்தத் தந்தை என்னிடம் பிறகு பேசினார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

எல்லோர் முன்னும் படிக்கக்கூடிய கடிதம்

அதற்குப் பிறகுதான் சுவாமிஜியின் கடிதங்களை வேறு கண்ணோடு படித்தேன். முன்பெல்லாம் அவற்றில் வீர முழக்கங்களையே தேடுவேன். இம்முறை யாருக்கு எழுதினார், எப்படி எழுதினார் என்பதைப் பார்த்தேன்.

1893 ஜூலை 10-ஆம் நாள் ஜப்பானின் யோகோஹாமாவிலிருந்து எழுதிய கடிதத்தைப் பாருங்கள். அது அளசிங்கருக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. பாலாஜி, ஜி.ஜி. என்று மேலும் சிலரையும் அழைத்து, சென்னை நண்பர்கள் அனைவரையும் சேர்த்தே அதைத் தொடங்குகிறார். பிந்திய கடிதங்கள் பல அளசிங்கரின் பெயருக்கே வந்தாலும், அவற்றில் மற்ற இளைஞர்களுக்கான பணியும் விசாரிப்பும் இருந்தன. ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியும். ஒருவர் சோர்ந்தால் மற்றவர் இருப்பார். சுவாமிஜி அந்த இளைஞர்களைத் தம்மோடு தனித்தனியே கட்டிப் போடவில்லை; அவர்களை ஒருவரோடு ஒருவர் கட்டினார்.

நான் செய்தது இதற்கு நேர்மாறு. ஒரு பிள்ளையை எல்லோரிடமிருந்தும் பிரித்து என்னோடு மட்டும் கட்டினேன். எங்கள் உரையாடல்களில் தவறான சொல் ஒன்றும் இல்லை. ஆனால் அவை இருப்பதே மற்றவர்களுக்குத் தெரியாது. அவன் அறைத் தோழனிடம் நான் ஒரு முறையும் பேசியதில்லை. அந்தச் சமையற்காரர் ஒருவர் இருக்கிறார் என்பதையே நான் அறிந்திருக்கவில்லை.

இங்கே கசப்பான ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். இணையத்தில் பிள்ளைகளைத் தனிமைப்படுத்தி, இரகசியம் காக்கச் சொல்லி, இரவில் பேசிப் பழகி, பின்னர் தீங்கு செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் அன்பான "அண்ணா"க்களாகவே தொடங்குகிறார்கள். என் நோக்கம் தூயது என்று எனக்குத் தெரியும். ஆனால் வெளியிலிருந்து பார்க்கும் ஒரு தாய்க்கு அவர்களுடைய உரையாடலும் என்னுடையதும் ஒரே உருவத்தில்தான் தெரியும். தூய நோக்கமுள்ளவர் இரகசியத்தைத் தாமாகவே விலக்கினால்தான், இரகசியம் கேட்பவன் யாரென்று பிள்ளைக்கு அடையாளம் தெரியும்.

தாமதம் தந்த நன்மை

மற்றொன்றும் எனக்குப் புரிந்தது. அளசிங்கர் ஒரு கேள்வி எழுதினால், பதில் வர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதற்குள் காரியம் காத்திருக்காது. அவரும் நண்பர்களும் கூடிப் பேசி முடிவெடுத்தாக வேண்டும். சுவாமிஜியின் பதில் வரும்போது பெரும்பாலும் அந்தப் பிரச்சினை தீர்ந்து, அடுத்தது முளைத்திருக்கும். கடலின் தாமதம் அவர்களைத் தம் காலில் நிற்க வைத்தது. 1895 செப்டம்பரில் 'பிரம்மவாதின்' இதழை அளசிங்கர் தொடங்கி நடத்தியபோது சுவாமிஜி தம் சொற்பொழிவு வருவாயிலிருந்து பணம் அனுப்பினார், யோசனைகள் எழுதினார். ஆனால் அச்சகத்திற்குப் போய் நின்றவர்களும் சந்தாதாரர்களைத் தேடியவர்களும் சென்னை இளைஞர்களே.

பிரச்ன உபநிஷதத்தில் ஆறு பேர் கையில் சமித்துடன் பிப்பலாத மகரிஷியிடம் வருகிறார்கள். பிரம்மத்தை அறிய விரும்பி வந்தவர்களிடம் அவர் உடனே பேசவில்லை. தவமும் பிரம்மசரியமும் சிரத்தையும் கொண்டு ஓராண்டு இங்கே தங்குங்கள்; பிறகு விரும்பிய கேள்விகளைக் கேளுங்கள்; எமக்குத் தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் சொல்வோம் என்ற பொருள்பட அவர் கூறுகிறார். "தெரிந்திருந்தால்" என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். ஒரு மகரிஷியே அப்படிச் சொல்கிறார். இணையத்தில் வழிகாட்டும் நாமோ, எனக்குத் தெரியாது என்று எழுதக் கூசுகிறோம். நுழைவுத் தேர்வு வேதியியலைப் பற்றியும், மன அழுத்தத்தைப் பற்றியும், காதலைப் பற்றியும் ஒரே வேகத்தில் பதில் தருகிறோம்.

ஒரு கேள்விக்கு நாளை பதில் எழுதுகிறேன் என்று சொல்வதில் தவறில்லை. "நீ என்ன நினைக்கிறாய்? இரண்டு வழிகளை எழுதி வை" என்று கேட்டுக் காத்திருக்கலாம். அந்த ஒரு நாளில் பாதிக் கேள்விகள் தாமே கரைந்து போகும். ஆனால் உயிருக்கு ஆபத்து என்ற ஐயம் எழுந்தால் இந்த விதி பொருந்தாது. அங்கே ஒரு நிமிடத் தாமதமும் கூடாது.

அட்டைப் படத்தைக் கண்டித்த கடிதம்

சுவாமிஜி கண்டிக்காமல் இருந்தவரல்லர். சென்னை அன்பர்களைக் கடுமையாக ஏசிய கடிதங்களும் உண்டு. 1896 ஜூலையில் இளைஞர்களுக்காகச் சென்னையில் 'பிரபுத்த பாரதம்' என்ற ஆங்கில மாத இதழ் தொடங்கப்பட்டது. அதன் ஆசிரியர், 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர்.ராஜம் ஐயர், அப்போது அவருக்கு வயது 24. இதழின் முயற்சியில் பெரும் பங்கு கொண்டவர் டாக்டர் நஞ்சுண்ட ராவ். ஐரோப்பாவில் இருந்த சுவாமிஜி இதழ்களைப் பெற்று மகிழ்ந்து ஊக்கப்படுத்தினார். ஆனால் அட்டைப் படம் அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. அதைத் தயங்காமல் எழுதினார். படத்தில் இருந்த மனித உருவங்களை நீக்கி எளிய சின்னமாக அமைக்கும்படியும், தாமரை எதைக் குறிக்கும் என்றும் விளக்கி எழுதினார்.

கண்டனம் அட்டையைப் பற்றியதே தவிர, அதைச் செய்தவர்களின் தகுதியைப் பற்றியதன்று. எது சரியில்லை, ஏன் சரியில்லை, மாற்றாக என்ன செய்யலாம் என்ற மூன்றும் அதில் இருந்தன. 'பிரம்மவாதின்' இதழில் சமஸ்கிருதச் சொற்கள் மிகுந்து கடினமாக இருப்பதையும் அவர் இவ்வாறே சுட்டினார். நாம் இரு எல்லைகளில் ஏதோ ஒன்றில் நின்று விடுகிறோம். பிள்ளை மனம் நோகும் என்று எதையும் சொல்லாமல் "அருமை, அருமை" என்று கட்டைவிரல் படத்தை அனுப்புகிறோம். அல்லது, இந்தத் தலைமுறையே இப்படித்தான் என்று மொத்தமாகச் சாடுகிறோம்.

சொல்பவர் தம்மையும் மறைக்காதபோது கண்டனம் ஏற்கப்படுகிறது. குளிரில் நடுங்கினேன், தெருவில் கேலி செய்தார்கள் என்று எழுதிய அதே கைதான் கண்டிக்கவும் செய்தது. அளசிங்கர் அந்த வேதனையையும் படித்தவர். ஆகவே ஏச்சையும் தாங்கினார்.

அருகில் ஒருவர்

1897 பிப்ரவரியில் சுவாமிஜி சென்னைக்குத் திரும்பி வந்து ஒன்பது நாட்கள் தங்கினார். அன்பர்கள் அவரை அங்கேயே இருக்குமாறு வேண்டினர். அது இயலாது. அதற்கு மாற்றாகத் தம் சகோதரத் துறவி ஒருவரை அனுப்புவதாக வாக்களித்தார். அடுத்த மாதமே, மார்ச்சில், சசி மகராஜ் என்று அன்புடன் அழைக்கப்பட்ட சுவாமி ராமகிருஷ்ணானந்தர் சென்னை வந்து சேர்ந்தார். நகரின் பல பகுதிகளுக்கும் சென்று வகுப்புகள் நடத்தினார். சில வேளைகளில் கேட்க எவரும் வராதபோதும் தவறாமல் சென்றார் என்பர். 1911-இல் மறையும் வரை தென்னாட்டுப் பணிக்காகவே உழைத்தார்.

நான்கு ஆண்டுக் கடிதங்களுக்குப் பிறகு சுவாமிஜி செய்தது இதுதான். இனி என் கடிதங்களே போதும் என்று அவர் நினைக்கவில்லை. உடன் இருந்து, முகம் பார்த்து, பசியும் சோர்வும் அறிந்து வழிநடத்த ஓர் ஆளை அனுப்பினார். தொலைவிலிருந்து வழிகாட்டுபவர் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த இளைஞனுக்கு அருகில் யார் இருக்கிறார் என்று கண்டறிவதே என்று இப்போது நம்புகிறேன். தாய், தந்தை, அத்தை, வகுப்பாசிரியர், அறைத் தோழன், விடுதிக் காப்பாளர், சமையற்காரர் என எவராகவும் இருக்கலாம். யாருமே இல்லையென்றால் ஒருவரைத் தேடித் தருவதே நம் சேவை. அந்த ஊரில் நம் மையம் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை அங்கே அனுப்பி, ஒருவேளை உணவு உண்ணச் செய்தால், அது நூறு இரவுச் செய்திகளைவிடப் பயன் தரும்.

தொண்டர்களிடம் சில சொற்கள்

எங்கள் வட்டத்தில் இப்போது சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கிறோம். பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவருடன் தொடர்பு கொள்ளும்போது பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவித்து விடுகிறோம். மாணவிகளோடு சகோதரிகளே பேசுகிறார்கள். எந்தக் குழுவிலும் தொண்டர்கள் இருவர் இருப்பார்கள். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர் பொறுப்பேற்பார். இரவு ஒன்பதுக்கு மேல் வழக்கமான பேச்சு இல்லை. அது பிள்ளைகள் உறங்க வேண்டிய நேரம், நாமும் உறங்க வேண்டிய நேரம். பணம் கொடுப்பதோ வாங்குவதோ கிடையாது. தானாக அழிந்துபோகும் செய்திகளைப் பயன்படுத்துவதில்லை. "குருஜி" என்று யாராவது அழைத்தால் அன்போடு திருத்தி விடுகிறோம். நாம் குருவல்லர், சற்று முன்னே நடப்பவர்கள், அவ்வளவே.

இரகசியத்தைப் பற்றி முதல் நாளே சொல்லி விடுகிறோம்: "நீ சொல்வதை ஊரெங்கும் பேச மாட்டேன். ஆனால் உனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று தோன்றினால், உன்னிடம் சொல்லிவிட்டு, உன்னைக் காக்கக்கூடியவரிடம் பேசுவேன்." இதைக் கேட்டு விலகிப் போன பிள்ளைகள் எங்கள் அனுபவத்தில் மிகச் சிலரே. சட்டமும் இதையே சொல்கிறது. சிறார் மீதான பாலியல் குற்றம் பற்றி அறிந்தவர் எவராயினும் அதைத் தெரிவித்தாக வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் விதிக்கிறது. வாக்குக் கொடுத்து விட்டேன் என்பது அங்கே காரணமாகாது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒரு சொல்லில் வெளிப்பட்டாலும் அதை நேராகக் கேட்டு விடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகப் பிறந்துவிடாது. தத்துவம் பேச வேண்டாம். ஆன்மாவுக்கு அழிவில்லை என்ற உபதேசத்திற்கு அது நேரமல்ல. அவனைப் பேச்சில் வைத்துக்கொண்டே, மற்றொரு தொண்டர் மூலம் அருகில் இருப்பவரை அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி-மானஸ்' மனநல உதவி எண் 14416, இரவு பகலாகச் செயல்படுகிறது, தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இணையவழிப் பண மோசடிக்கு ஆளானால் உடனே அழைக்க வேண்டியது 1930. இவற்றைத் தொண்டர் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

வழிகாட்டுபவருக்கும் ஒரு சோதனை உண்டு. இரவில் கைபேசி ஒலிக்காத நாளில் நம் மனம் வாடுகிறதா என்று நாமே பார்த்துக் கொள்ளலாம். வாடினால், யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்பது தெளிவாகும். ஜபத்திற்கு அமரும்போது அதைச் சற்று நேரம் எண்ணிப் பார்ப்பது நல்லது.

1899 ஜூன் மாதம் சுவாமிஜி மீண்டும் மேலைநாடு நோக்கிக் கப்பலில் சென்றபோது, கப்பல் சென்னைத் துறைமுகத்தில் நின்றது. கல்கத்தாவில் பிளேக் நோய் பரவியிருந்ததால் அவரைக் கரையிறங்க விடவில்லை. அன்பர்கள் படகுகளில் சென்று கப்பலின் அருகிலிருந்தே அவரைக் கண்டார்கள். அளசிங்கருக்கு அது போதவில்லை. 'பிரம்மவாதின்' பற்றிப் பேச வேண்டியிருந்தது. கொழும்புக்குப் பயணச்சீட்டு வாங்கி அதே கப்பலில் ஏறிவிட்டார். குறைந்த சம்பளம் வாங்கும் ஆசிரியர், காலில் செருப்புகூட இல்லாமல், வெள்ளைக்காரப் பயணிகளுக்கிடையே அந்தத் தளத்தில் நடந்தார். ஆறு ஆண்டுகளாக அத்தனை கடிதங்கள் பெற்ற மனிதர், சில நாட்கள் அருகில் அமர்ந்து பேசுவதற்காக அவ்வளவு தூரம் சென்றார்.

அந்தப் பையன் கோட்டாவை விட்டுத் தன் ஊருக்குத் திரும்பினான். ஓராண்டு கழித்து வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பட்டப்படிப்பில் சேர்ந்தான். அந்தச் சமையற்காரருக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் அவன் தந்தை தொலைபேசியில் வாழ்த்துச் சொல்கிறார். எனக்கும் அவனுக்கும் மாதம் ஒருமுறை, ஞாயிறு காலையில், அரை மணி நேரப் பேச்சு என்று ஏற்பாடு. சென்ற மாதம் அவன் அழைக்கவில்லை. மறுநாள் மாலை ஒரு செய்தி வந்தது. நண்பர்களோடு கிரிக்கெட் ஆடப் போனவன் என்னை மறந்தே போய்விட்டானாம்.